சர்க்கார் மாறினால் சட்டம் மாறுமா?



புது சர்க்கார் வந்தவுடன் பழைய கடுஞ்சட்டங்கள் தாமே நீங்கிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மலேசியாவில் நடந்த ஒரு சங்கதியைக் கொண்டு இதை ஆராய்வோம்.

2018 ஏப்ரலில் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. தண்டனை 6 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அம்மாதமே டென்மார்க் நாட்டவர் ஒருவர், போலீஸ் தாமதமாக வந்தது என்று காணொளியில் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் சொன்னது தவறு என்றது போலீஸ். 10,000 வெள்ளி அபராதத்தைக் கட்ட இயலாமல் ஒரு மாதச் சிறையை ஏற்றார்.

பொய் பாவமே. வந்த செய்தியை விசாரித்துத் தெளியும்படி சூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது ஆயத்து நமக்குக் கட்டளையிடுகிறது. ஆனால் அதிகாரிகளைக் குறை சொல்லும்போது விவரம் பிசகினால் சிறை என்றால், வரியைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ கடைத்தெருவில் வாய்திறக்க யார் துணிவார்?

2018 மே 9 தேர்தலில் சர்க்கார் மாறியது. ஆகஸ்டு 16-இல் ரத்து மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. செப்டம்பர் 12-இல் மேலவை அதை நிராகரித்தது; அங்கே பழைய ஆளுங்கட்சியினரே மிகுதி. அரசியல் சட்டத்தின் 68-வது ஷரத்துப்படி, மேலவை ஓராண்டு தாமதப்படுத்தலாம். அதன்பின் மக்களவை மீண்டும் நிறைவேற்றினால் தடுக்க முடியாது. 2019 அக்டோபரில் மக்களவை மீண்டும் நிறைவேற்ற, டிசம்பர் 18-இல் மேலவையும் இசைந்தது. சர்க்கார் மாறியும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அச்சட்டம் உயிரோடிருந்தது!

1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டத்தின் கதை இன்னும் நீண்டது. 2012-இல் அதை நீக்குவதாக அப்போதைய பிரதமர் நஜீப் அறிவித்தார். 2015-இலோ அதைக் கடுமையாக்கும் திருத்தமே நிறைவேறியது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? "கடனைத் தள்ளிவிட்டேன்" என்று ஒருவர் வாயால் சொன்னால் நாம் நிம்மதி கொள்வதில்லை. பேரேட்டில் கணக்கு அடிக்கப்பட்டதா என்று பார்க்கிறோம். கடனை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282-வது ஆயத்து நமக்குக் கற்பித்திருக்கிறது. சட்ட விஷயத்திலும் அப்படியே. வாக்குறுதி தருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று: எந்தச் சட்டம்? மசோதா எந்த அவையில் நிற்கிறது? எந்தத் தேதியில் ரத்தாகும்?

கேட்பது நம் உரிமை. விசாரித்துப் பேசுவது நம் கடமை. இரண்டையும் பேண வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.