நாம் சொல்வதைக் கைப்பேசி எப்படிப் புரிந்துகொள்கிறது?



கைப்பேசியில் எழுத்துகளைத் தட்டத் தெரியாத பெரியவர்கள் பலர் இப்போது அதனிடம் பேசியே வேலை வாங்குகிறார்கள். "தம்பிக்குப் போன் போடு", "காலையில அஞ்சு மணிக்கு எழுப்பு" என்று சாதாரணப் பேச்சில் சொன்னால் போதும். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் கருவி தவறாகப் புரிந்துகொண்டால் அழைப்பு வேறு யாருக்கோ போகும். பண விஷயமாக இருந்தால் நஷ்டம் நமக்கு. எனவே நாம் சொல்லும் சொல் கருவிக்குள் என்ன ஆகிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மூன்று படிகள்

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உம்மாவுக்கு மாத்திரை கொடுக்கணும்னு ஞாபகப்படுத்து" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படியில், கருவி நம் குரலை எழுத்தாக மாற்றுகிறது. இரண்டாம் படியில், நம் நோக்கம் என்ன என்று பார்க்கிறது. இங்கே நோக்கம் நினைவூட்டல். மூன்றாம் படியில், அந்த வேலைக்குத் தேவையான விவரங்களைப் பொறுக்கி எடுக்கிறது: நாள், நாளை, நேரம், காலை 10 மணி, செய்தி, உம்மாவுக்கு மாத்திரை. இவை கிடைத்த பிறகே வேலை நடக்கும்.

இதில் முக்கியமான ஒன்று உண்டு. இன்றைய கருவிகள் ஏராளமான மாதிரி வாக்கியங்களிலிருந்து கற்றவை. நாம் சொன்னது எதற்கு மிகவும் பொருந்துகிறது என்று கணக்கிட்டு, அதையே தேர்ந்தெடுக்கின்றன. அதாவது, கருவி செய்வது ஓர் ஊகம். பெரும்பாலும் சரியாக இருக்கும். சில நேரம் பிசகும்.

திருப்பிக் கேட்ட கணினி

இந்த முயற்சி புதிதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் டெர்ரி வினோகிராட் என்ற ஆய்வாளர் 1968 முதல் 1970 வரை உழைத்து 'ஷ்ர்ட்லு' என்ற நிரலை எழுதினார். கணினித் திரையில் கட்டைகளும் பிரமிடுகளும் ஒரு பெட்டியும் இருக்கும். சாதாரண ஆங்கிலத்தில் கட்டளை தட்டினால், அது கட்டைகளை எடுத்து அடுக்கும்.

பல பிரமிடுகள் இருக்கும்போது, எது என்று சொல்லாமல் பிரமிடை எடுக்கச் சொன்னால், எந்தப் பிரமிடைச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை என அது பதில் தரும். தானாக ஒன்றை எடுத்துவிடாது. ஆனால் அதன் அறிவு அந்தக் கட்டைகளுக்குள் அடங்கியது. அதைத் தாண்டிய உலகம் அதற்குத் தெரியாது.

இன்றைய கருவிகளின் உலகம் மிகப் பெரியது. ஆனாலும் நம் கைப்பேசியில் மூன்று பேரின் எண்கள் 'மாமா' என்ற பெயரில் இருந்தால், அதே கேள்வி எழத்தான் செய்யும். கேட்டுவிட்டுச் செய்யும் கருவி நல்லது. கேட்காமல் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், கவனிக்க வேண்டியது நாம்தான்.

தமிழில் கவனிக்க வேண்டியவை

தமிழில் பெயரோடு ஒட்டும் உருபே பொருளைத் தீர்மானிக்கும். "காதருக்கு ஐநூறு" என்றால் கொடுப்பது. "காதர்கிட்ட ஐநூறு" என்றால் பெரும்பாலும் வாங்குவது. வேகமாகப் பேசி அந்த முடிவை விழுங்கிவிட்டால், கருவி தடுமாறும். 'அஞ்சரை', 'ஆறே முக்கால்', 'ரெண்டரை லட்சம்' போன்ற நம் எண்வழக்கும் சில கருவிகளுக்குச் சிக்கலாகலாம். "அஸர் தொழுதுட்டு வந்ததும் ஞாபகப்படுத்து" என்றால் வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும். கருவிக்கோ மணி சொல்வதுதான் நல்லது.

பணம் அனுப்பும்போது

2023 செப்டம்பரில் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன், பேச்சின் மூலம் பணம் அனுப்பும் 'ஹலோ யுபிஐ' வசதியை இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிமுகப்படுத்தியது. இத்தகைய வசதிகள் வளரும்போது நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஒரு கட்டளையில் ஒரே வேலையைச் சொல்வோம்.
2. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதைத் தெளிவாகச் சொல்வோம்.
3. ஒரே பெயரில் பலர் இருந்தால் 'மதுரை மாமா', 'கடை காதர்' என்று அடையாளம் சேர்த்துப் பதிவு செய்வோம்.
4. கருவி திருப்பிச் சொல்லும் பெயரையும் தொகையையும் முழுதாகக் கேட்ட பிறகே சம்மதம் தருவோம். கண் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளலாம்.
5. ரகசிய எண்ணையோ, ஒருமுறை வரும் ஓடிபி எண்ணையோ யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

வீட்டில் தினமும் சொல்லும் ஐந்து கட்டளைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் நோக்கத்தின் கீழ் ஒரு கோடும், விவரங்களின் கீழ் இரு கோடுகளும் போடுங்கள். எந்த விவரம் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். "அதை எடுத்து அங்கே வை" என்பதில் எத்தனை விவரங்கள் குறைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிறகு வீட்டில் உள்ள பெரியவர்களை அருகில் அமர்த்தி, கைப்பேசியிடம் பேசக் கற்றுக்கொடுங்கள். முதலில் நினைவூட்டலும் தொலைபேசி அழைப்பும் பழகட்டும். அவை பிசகாமல் வந்த பிறகு பண விஷயத்துக்குப் போகலாம்.