அடைக்கோழியிடம் குஞ்சுகளை ஒப்படைத்தல்

கோழிக்குஞ்சு முட்டையினின்று வெளிவருவதற்குச் சற்று முன்னர், எஞ்சியுள்ள மஞ்சட்கரு அதன் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. இச்சேமிப்பைக் கொண்டு குஞ்சு ஏறக்குறைய இரண்டு நாட்கள் இரையின்றி உயிர்வாழக்கூடும். குஞ்சு பொரிப்பகங்களிலிருந்து ஒரு நாள் வயதுள்ள குஞ்சுகளைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்ப முடிவது இதனாலேயே. ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை குஞ்சுக்கு இத்தகைய சேமிப்பு ஏதும் இல்லை. முதல் வாரத்தில் அதற்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு ஏறக்குறைய 3 டிகிரி வீதம் குறைத்து வரலாம். மின்விளக்கை மட்டும் நம்பியுள்ள வீட்டில், இரவில் மின்சாரம் நின்றுவிடுமாயின் குளிரினால் குஞ்சுகள் பல மடியக்கூடும். அவற்றை வாங்கிய குடும்பத்தின் முதலும் அத்துடன் அழிந்துபோகும்.

ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய வனராஜா போன்ற இனங்கள் பொதுவாக அடைக்கு உட்காருவதில்லை. நாட்டுக்கோழியோ பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டவுடன் அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டை வருவாயைக் கருதும்போது குறையாகத் தோன்றும் இக்குணமே, தாயற்ற குஞ்சுகளைக் காக்கும் துணையாகிறது.

கோழியைத் தெரிந்தெடுத்தல்

அடைக்காலத்தில் கோழியின் மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் மிகுதியாக ஊறுகிறது, முட்டையிடுதல் நின்றுவிடுகிறது. இந்நிலை முதிர நாட்கள் செல்லும். ஆகவே நேற்று உட்கார்ந்த கோழியிடம் இன்று குஞ்சுகளை விடுதல் கூடாது. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் அடையில் இருந்த கோழியே ஏற்றது. கையை அருகே கொண்டு சென்றால் அது எழுந்து ஓடாமல், இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கொக்கரித்து, கூட்டிலேயே அமர்ந்திருத்தல் வேண்டும். குஞ்சுகளை விடுவதற்குச் சில நாட்கள் முன்னரே கோழியின் உடலில் பேன், செள் ஆகியவை உள்ளனவா எனச் சோதித்து அகற்றிவிட வேண்டும்.

குஞ்சுகளைச் சேர்த்தல்

குஞ்சுகள் பொரித்து ஓரிரு நாட்களுக்கு மேற்படாதவையாக இருத்தல் நலம். வயது கூடிய குஞ்சு புதிய தாயைப் பின்தொடர்வதில்லை. கோழியும் அதனை எளிதில் ஏற்பதில்லை. நன்கு இருட்டிய பின்னர், ஓசையின்றி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவ்விடத்தில் குஞ்சுகளை வைத்து வர வேண்டும். நடுத்தர உடலுடைய கோழிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு குஞ்சுகள் போதும். சிறகுக்கு அடங்காமல் வெளியே நிற்கும் குஞ்சு குளிரில் இறந்துவிடும். எல்லாக் குஞ்சுகளையும் ஒரே இரவில் சேர்த்துவிடுதல் நன்று. சில நாட்கள் கழித்துப் புதியவற்றைக் கொணர்ந்தால் கோழி அவற்றைக் கொத்தி விரட்டக்கூடும்.

மறுநாள் விடியற்காலையில் அருகிலிருந்து கவனித்தல் இன்றியமையாதது. கோழி தாழ்ந்த குரலில் குஞ்சுகளை அழைத்தால் அச்சமில்லை. தலையில் வன்மையாகக் கொத்துமாயின் குஞ்சுகளை உடனே பிரித்து, வேறு வெப்ப வசதி செய்தல் வேண்டும். இதற்கான ஏற்பாடு முதல் நாளே தயாராக இருத்தல் அவசியம்.

பின்னர்ச் செய்ய வேண்டுவன

முதல் சில நாட்கள் தாயையும் குஞ்சுகளையும் பருந்து, காகம், கீரி ஆகியவை அணுகாதவாறு கூடையால் கவிழ்த்து வைக்கலாம். குஞ்சுகள் மூழ்கிவிடாதபடி தண்ணீரை ஆழமற்ற தட்டில் சிறு கற்களிட்டு வைக்க வேண்டும். குஞ்சுத் தீவனத்தைத் தாய் தின்று தீர்த்துவிடாதவாறு, குஞ்சுகள் மட்டும் நுழையக்கூடிய இடைவெளியுள்ள அடைப்பினுள் இடுதல் நன்று.

தாயின் சிறகு குளிரைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. இராணிக்கெட் நோய்க்கான முதல் தடுப்பு மருந்தை, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி முதல் வாரத்திலேயே கண்ணில் அல்லது மூக்கில் சொட்டாக இட வேண்டும். தாய்க்கும் உரிய காலத்தில் தடுப்பூசி போடப்பட்டிருத்தல் வேண்டும்.

குஞ்சுகளுடன் இருக்கும் காலத்தில் தாய்க்கோழி முட்டையிடாது. இவ்விழப்பை வளர்ப்போரிடம் முன்னதாகவே எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமையாகும். பள்ளி ஆசிரியர்கள், இரை கண்டபோது தாய் எழுப்பும் குரலையும், பருந்தைக் கண்டபோது எழுப்பும் குரலையும் மாணவர்கள் கேட்டுக் குறித்துவரச் செய்யலாம். முதற்குரலுக்குக் குஞ்சுகள் ஓடிவருவதையும், இரண்டாம் குரலுக்கு ஓடி ஒளிவதையும் அவர்கள் நேரிற் காண்பார்கள். எந்த இயந்திரமும் அளிக்க இயலாத இப்பாதுகாப்பை ஒரு சாதாரண நாட்டுக்கோழி அளிக்கிறது என்பதை அவர்கள் தாமாகவே உணர்வர்.