பட்டியல் முடிவாகும் முன்னே பேசுங்கள்: பம்பலப்பிட்டி வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் மினசோட்டாவில் கட்சி மாநாடு கூடி ஒருவரை வேட்பாளராக ஆதரிக்கும். அங்குள்ள ஜனநாயகக் கட்சியில் அதற்கு 60 சதவீதப் பிரதிநிதிகளின் வாக்கு வேண்டும். அதன் பின்னர், வாக்காளரே கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தல் நடக்கும். இலங்கையில் அப்படியொரு சுற்று இல்லை. கட்சி மேலிடம் பெயர்களை முடிவு செய்யும், செயலாளர் கையெழுத்திடுவார். ஆனாலும் நமக்கு வழிகள் உண்டு.

1. முதலில் வாக்காளர் இடாப்பைப் பாருங்கள். காலி வீதியை ஒட்டிய மாடி வீடுகளில் வாடகைக்கு இருப்போர் வீடு மாறினால், பதிவு பற்றி உடனே கிராம அலுவலரிடம் பேசுங்கள்.

2. எந்தத் தேர்தல் என்று கவனியுங்கள். மாநகர சபைத் தேர்தலில் விருப்பு வாக்கு கிடையாது. வட்டார வேட்பாளருக்கும் கட்சிக்கும் ஒரே வாக்குத்தான். ஆளைப் பிடிக்காவிட்டால் கட்சியையே கைவிட வேண்டும். ஆகவே வேட்புமனுவுக்கு முந்திய வாரங்களே இங்கு முக்கியம்.

3. அந்த வாரங்களில் கட்சி அமைப்பாளரைக் கூட்டாகச் சந்தியுங்கள். குடியிருப்பாளர் சங்கமாகப் போனால் பேச்சுக்குப் பலம் கூடும். யார் வேண்டும், ஏன் வேண்டும், வட்டாரத்தில் அவர் செய்த வேலை என்ன என்பதை எழுத்தில் கொடுங்கள். பெண்களின் பெயர்களையும் முன்வையுங்கள். உள்ளூராட்சி மன்றங்களில் அவர்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு உண்டு.

4. பாராளுமன்றத் தேர்தலென்றால் ஆசனக் கணக்கைப் போடுங்கள். 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்கள். ஒரு பட்டியலில் 21 பேர். ஐக்கிய மக்கள் சக்திக்குக் கிடைத்தவை 4. அதன் பட்டியலில் நின்ற தமிழ் முற்போக்குக் கூட்டணித் தலைவர் மனோ கணேசன் அந்த நால்வரில் ஒருவராக வரவில்லை. பிறகு தேசியப் பட்டியல் வழியாகவே பாராளுமன்றம் சென்றார். பட்டியலில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

5. பாராளுமன்றத் தேர்தலில் விருப்பு வாக்கைத் தவறாமல் இடுங்கள். 1978 அரசியலமைப்பில் பட்டியலின் வரிசையைக் கட்சியே தீர்மானித்தது. 1988இன் 14ஆவது திருத்தம் அந்த உரிமையை வாக்காளருக்குத் தந்தது. முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடியிடுங்கள். அடுத்து அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை தெரிவு செய்யுங்கள். கட்சிக்கு மட்டும் புள்ளடியிட்டுத் திரும்பினால், யார் உள்ளே போவது என்பதை மற்றவர்கள் முடிவு செய்வார்கள்.

இலக்கங்களை வீட்டிலேயே மனதில் பதித்துக்கொண்டு புறப்படுங்கள். முதன்முறை வாக்களிக்கும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். கொழும்பில் சிதறி வாழும் தமிழரான நமக்கு ஒவ்வொரு விருப்பு வாக்கும் பெறுமதியானது.