இரண்டாம் வன்தட்டைப் புதுப் பணிக்கு ஆயத்தம் செய்தல்

ஊராட்சி அலுவலகக் கணினியில் உபரியாக உள்ள இரண்டாம் வன்தட்டை ஊர் நூலகத்துக்கு அளிக்க விரும்பும் ஊராட்சிகள் உண்டு. அதனைச் செம்மையாகச் செய்யும் முறையை ஈண்டுக் காண்போம்.

வன்தட்டு ஒரு வயல் போன்றது. பகுதி பிரித்தல் வரப்பிடுதல். ஃபார்மட் செய்தல் உழுதல். விளைந்ததை வீடு சேர்க்குமுன் எவரும் ஏரைப் பூட்டுவதில்லை.

1. வரிப் பதிவேடு, கிராம சபைத் தீர்மானம் முதலிய கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து, அப்படி சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

2. விண்டோசின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், கொள்ளளவையும் கோப்புகளையும் கொண்டு உரிய தட்டை அறிக. எண்ணை மட்டும் நம்பலாகாது. தட்டு மாறினால் அலுவலகப் பதிவுகளே அழியும்.

3. பழைய பகுதிகளை நீக்கி, ஜி.பி.டி. அட்டவணை அமைக்கவும். பழைய எம்.பி.ஆர். முறை ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் ஆளாது.

4. நூல்களுக்கு ஒன்று, பாடப்படங்களுக்கு ஒன்று என இரு பகுதிகள் அமைத்து, என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்க. ஃபேட்32 முறையில் 4 ஜிகாபைட்டும் அதற்கு மேலுமான கோப்பு அடங்காது.

ஒன்றை மறத்தலாகாது. 'விரைவு ஃபார்மட்' பதிவேட்டின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றதே. உள்ளே ஏடுகள் இருந்தபடியே இருக்கும். பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண்களைப் பிறர் மீட்டெடுக்க இயலும். ஆதலின், சில மணி நேரம் பிடித்தாலும் முழு ஃபார்மட்டே செய்க. மக்கள் நம்மை நம்பி அளித்த விவரங்களைக் காப்பது ஊராட்சியின் கடமையன்றோ!