தளத்து அழுக்கும் அதற்கு ஏற்ற மருந்தும்

ஒரு வீட்டின் தூய்மையை அளந்தறிய விரும்புவோர் அதன் கூடத்தை நோக்குதல் போதாது. அடுக்களைத் தரையையும் குளியலறைத் தரையையும் நோக்குதல் வேண்டும். கூடம் விருந்தினர் பொருட்டு விளக்கப்படுவது. ஏனைய இரண்டும் வீட்டார் நாள்தோறும் உழைப்பாலும் நீராலும் அழுக்காக்குவன. ஆதலின் அவற்றைத் தூயவாக வைத்தல் அரிது. முற்காலத்து மண்தரை அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. சாணம் மெழுகுந்தோறும் அதன்மேல் புதியதொரு படலம் தோன்றியது. இக்காலத்தில் ‘டைல்ஸ்’ என்று வழங்கும் தளவோடு அழுக்கை உள்ளே வாங்குவதில்லை. மேலே நிறுத்திக் காட்டுகின்றது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையேயுள்ள சிமெண்டுச் சந்துகளோ அதனை இறுகப் பற்றிக்கொள்கின்றன.

இவ்வழுக்கு எளிதிற் போகாதாயின், நம்மவருட் பலர் கடையில் ‘ஆசிட்’ என விற்கும் உப்புத் திராவகத்தை வாங்கி ஊற்றுகின்றனர். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து கொடுப்பானை மருத்துவன் என்று கூறுவாரிலர். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் முதலில் நோயையும், பின் அதன் காரணத்தையும், அதன்பின் தணிக்கும் வழியையும் ஆராயுமாறு பணித்தனர். அம்முறை தளத்து அழுக்குக்கும் பொருந்தும் என்பதே நாம் இக்கட்டுரையில் விளக்கப் புகுவதாகும். தளத்தைப் பற்றும் அழுக்குக்கள் எண்ணெய், உப்பு, பூஞ்சை என மூவகைப்படும். மூன்றற்கும் மருந்து வெவ்வேறு.

முதலாவது எண்ணெய். சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டி முறுக்கிற்குப் பெயர்பெற்ற ஊர். அரிசிமாவைப் பிசைந்து கையாற் சுற்றி, கொதிக்கும் எண்ணெயில் இட்டு எடுக்கும் அத்தொழில் நடக்கும் இடங்களில், எண்ணெய்ச் சட்டியினின்றும் தெறிக்கும் துளிகளும், ஆவியோடு கலந்து எழும் நுண்துளிகளும் தரையிற் படிகின்றன. புதிய துளியை மாவோ சாம்பலோ தூவித் துடைத்துவிடலாம். நாட்பட்ட எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, மரத்துக்குப் பூசும் வார்னிஷைப்போல் இறுகிப் பிசினாகின்றது. அதன்மேல் மாவும் தூசியும் ஒட்டிக் கருமை பெறுகின்றன. இதற்குத் தண்ணீர் பயன்படாது. திராவகமும் பெரும்பயன் தாராது.

எண்ணெய்க்குப் பகை காரம். நம் மூதாட்டியர் பாத்திரம் துலக்க அடுப்புச் சாம்பலைக் கொண்டதும், வண்ணார் ஆடை வெளுக்க உவர்மண்ணைக் கொண்டதும் இவ்வுண்மை பற்றியே. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டும், உவர்மண்ணில் சோடியம் கார்பனேட்டும் உள. நம் தமிழ் வேதாகமத்தில் எரேமியாவின் ஆகமம் இரண்டாம் அதிகாரத்து 22ஆம் வசனத்தில் உவர்மண்ணும் சவுக்காரமும் ஒருங்கே கூறப்பட்டிருத்தலை அன்பர் அறிவர். அழுக்கு நீக்கக் காரத்தை நாடுதல் அத்துணைத் தொன்மையான வழக்கம். பிரெஞ்சு நாட்டு லெப்ளான் என்பார் 1791ஆம் ஆண்டில் சமையலுப்பிலிருந்து சோடாவைச் செய்யும் முறைக்கு உரிமை பெற்ற பின்னர், அது பேரளவில் ஆக்கப்பட்டு எளிய வீடுகளிலும் புகுந்தது. ஆகவே, ஒரு லிட்டர் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துத் தரையிற் பரப்பி, கால்மணி நேரம் ஊறவைத்து, பின்னர்த் தூரிகையால் தேய்க்க. காரம் எண்ணெயின் ஒரு பகுதியைச் சவுக்காரமாக மாற்றி, எஞ்சியதைச் சிறு துளிகளாகப் பிரித்து நீரோடு போக்கும். ஊறவைக்கும் அக்கால்மணி நேரமே பாதி வேலையைச் செய்துவிடும். உடனே தேய்ப்பவர் தம் தோள்வலியைப் பெருக்கிக்கொள்கின்றார். முடிவில் தூயநீரால் இருமுறை கழுவாவிடின், எஞ்சிய சோடா வெண்ணிறமாகப் படியும்.

இரண்டாவது உப்பு. சேலத்துச் சமவெளியில் பாறையைத் துளைத்தெடுக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களிற் கடினநீராகும். மக்கள் அதனை ‘உப்புத் தண்ணி’ என்பர். கால்சியமும் மக்னீசியமும் அதிற் கரைந்துள்ளன. நீர் வற்றியபின் அவை வெள்ளைப் படலமாகத் தரையில் நிற்கின்றன. மேலும், குளிக்குங்கால் பயன்படுத்தும் சவுக்காரம் இவ்வுலோகங்களோடு கூடி நீரிற் கரையாத பிசுக்காகின்றது. குளியலறைத் தரை வழுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்பிசுக்கின்மேல் மீண்டும் சவுக்காரம் இட்டுத் தேய்ப்பவர், உப்புத் தண்ணீரால் அப்பிசுக்கையே மேலும் வளர்க்கின்றார்.

இதற்கு மருந்து புளிப்பு. செப்புக்குடத்தைப் புளியிட்டு விளக்கும் வழக்கம் புளிப்பின் ஆற்றலை நமக்கு முன்னரே உணர்த்தியுளது. வினிகரையேனும், கடையில் தூளாகக் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை நீரிற் கரைத்தேனும் படலத்தின்மேல் ஊற்றின், சிறு குமிழிகள் எழக் காணலாம். கார்பனேட்டு சிதைந்து கரியமில வாயு வெளிப்படுவதே அது. மென்மையான இவ்வமிலங்களே பெரும்பாலும் போதியவை. உப்புத் திராவகம் விரைவிற் செயல்படும் என்பது உண்மையே. ஆயினும் அது படலத்தோடு சந்துகளிலுள்ள சிமெண்டையும் தின்றுவிடும். சந்து குழிந்தால் அழுக்கு முன்னினும் ஆழமாக அமர்கின்றது. இவ்வாண்டு விரைந்து முடித்தவர் அடுத்த ஆண்டு இருமடங்கு உழைப்பர்.

தளத்தின் சாதியையும் ஈண்டு அறிதல் வேண்டும். மெருகிட்ட பீங்கான் ஓடு மென்புளிப்பைத் தாங்கும். செட்டிநாட்டில் கையாற் செய்யப்படும் ஆத்தங்குடித் தளவோடு சிமெண்டால் ஆயது. பளிங்கும் கடப்பைக்கல்லும் சுண்ணாம்பினத்தைச் சார்ந்தவை. இம்மூன்றன்மேலும் புளிப்புப் படின், அழுக்குப் போகுமுன் மெருகு போய்விடும். இவற்றிற்கு மென்மையான சவுக்கார நீரே தக்கது.

மூன்றாவது பூஞ்சை. ஈரம் உலராத சந்துகளிற் கருமையாகப் படரும் இவ்வுயிரினத்தை நீர்த்த வெளுப்புத்தூள் கரைசல் அழிக்கும். ஷீலே என்னும் அறிஞர் 1774இல் கண்ட குளோரினைச் சுண்ணாம்பிற் கூட்டி, டென்னண்ட் என்பார் 1799இல் உரிமை பெற்ற பொருளே இத்தூள். எனினும், சாளரத்தைத் திறந்து காற்றும் வெயிலும் புகச்செய்யாவிடின் பூஞ்சை மீண்டும் வரும்.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கையைக் கூறுவாம். மருந்து மூன்றாயின் மூன்றையும் கலந்தால் ஆற்றல் மும்மடங்காகும் என்று கருதுவார் உளர். சோடாவும் வினிகரும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துப் பயனற்றுப்போம். அது பொருட்கேடு மாத்திரமே. வெளுப்புத்தூளும் திராவகமும் கலந்தாலோ குளோரின் வாயு எழும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்து ஈப்ர நகரை அடுத்த போர்க்களத்தில் வீரரை மூச்சடைக்கச் செய்தது இவ்வாயுவே. கதவடைத்த சிறு குளியலறையில் அது எழின், உள்ளிருப்பவர் நுரையீரல் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆதலின் ஒன்றை இட்டுக் கழுவி, நீர் முழுதும் வடிந்த பின்னரே, வேறொரு நாளில் மற்றொன்றை இடுக. மூச்சு முட்டின் உடனே வெளிக்காற்றுக்கு வருக. திராவகம் தோலிற் பட்டால் வேறு மருந்து தேடாது, ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவரை நாடுக. திராவக விற்பனைக்குப் பதிவேடும், வாங்குவோரின் அடையாளச் சான்றும் வேண்டும் என்றும், 18 வயது நிரம்பாதார்க்கு விற்றலாகாது என்றும் உச்சநீதிமன்றம் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆணையிட்டதை நினைவுகூர்தல் நன்று. அவ்வாணை பிறர்மேல் திராவகம் வீசும் கொடுமையைத் தடுக்கவே எழுந்தது. எனினும், அப்பொருள் வீட்டு மூலையில் அஞ்சாது வைக்கத்தக்கதன்று என்பதையும் அது உணர்த்துகின்றது.

இவ்வபாயம் யாரைச் சாரும் என்று சிறிது எண்ணிப் பார்ப்போம். மாணவர் விடுதிகளிலும் பல வீடுகளிலும் தளத்தைத் தேய்ப்பவர் அதன்மேல் நடப்பவரல்லர். கூலிக்கு வரும் தாய்மாரே வெறுங்கையோடும் வெறுங்காலோடும் அவ்வேலையைச் செய்கின்றனர். புட்டியின்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்ட எச்சரிக்கையை வாங்கியவர் படித்திருக்கலாம், ஊற்றுகின்றவர் படிப்பதற்கில்லை. கற்ற நாம் அவர்க்கு அதனைத் தமிழில் எடுத்துரையாவிடின், நம் கல்வியால் அவர்க்கு யாது பயன்? ரப்பர்க் கையுறையின் விலை மிகச் சிறிது. கால்மணி நேரம் ஊறவிடும் பொறுமைக்கோ விலையே இல்லை. திருவிருந்துக்கு முன் சீடர் கால்களைக் கழுவிய ஆண்டவரை வணங்கும் நாம், பிறர் அழுக்கைக் கழுவுவாரின் கைகளைப் புண்படாது காத்தல் கடமையன்றோ?

எண்ணெய்க்குக் காரம், உப்புக்குப் புளிப்பு, பூஞ்சைக்கு வெளுப்பும் வெயிலும். எதனையும் எதனோடும் கலவாமை. இவற்றை நாம் அறிவதோடு அமையாது, நம் வீட்டிலும் விடுதியிலும் தளம் தேய்ப்பார்க்கும் கற்பித்து, அவ்வேலையில் நாமும் ஒருநாள் பங்குகொள்வோமாக.