இரட்டிப்பாய்க் கேட்பது பற்றி



வீட்டின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்த விவரத்தையெல்லாம் எழுதிவிட்டு, "எப்படியும் பாதியாகக் குறைத்துவிடுவார்களாமே, இரண்டு மடங்காகக் கேட்டு வைக்கலாமா?" என்று ஓரத்தில் கேட்டிருந்தாயே, அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. இந்த யோசனையை உனக்குச் சொன்னவர் இன்ஷூரன்ஸை மாட்டுச்சந்தை என்று எண்ணுகிறவராயிருக்க வேண்டும்.

இழந்ததை ஈடுசெய்வதே இவ்வொப்பந்தத்தின் தர்மம். லாபத்துக்கு அதில் இடமில்லை. 1883-இல் இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட் தீர்த்த காஸ்டலைன், பிரெஸ்டன் வழக்கை நான் நாவல் படிக்கும் ஆவலோடு பன்முறை வாசித்திருக்கிறேன். ஒருவர் தம் சொத்தை 3,100 பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்து, கிரயம் முடியுமுன் கட்டடத்தின் ஒரு பகுதி தீக்கிரையாக, விற்பனைச் சங்கதி அறியாத கம்பெனி 330 பவுண்டு கொடுத்தது. அப்புறம் வாங்கினவரும் ஒரு காசு குறைக்காமல் முழு விலையையும் செலுத்திவிட்டார். எரிந்ததற்கு இரட்டை வரும்படி! கம்பெனி வழக்காடிற்று, அந்த 330 பவுண்டையும் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. இதைக் கம்பெனிகளுக்குச் சாதகமான தீர்ப்பென்று மட்டும் சொல்பவர்கள் பாதிதான் படித்தவர்கள். நஷ்டத்துக்கு மேல் கிடையாது என்ற நீதிபதி பிரெட், நஷ்டம் முழுவதற்கும் ஈடு உண்டு என்பதையும் அதே மூச்சில் சொன்னாரே, அதை ஏன் மறக்கிறார்கள்?

நீயும் அந்த இரண்டாம் பாதியை மறந்திருக்கிறாய். நீ அனுப்பிய ஜாபிதாவில் சுவரும் தரையும் கதவும் இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியும், அடிப்பலகை ஊதிப் பிளந்த அலமாரியும் எங்கே? 2021 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கட்டடத்துக்கு எடுத்தாலே, அத்தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே காப்பு உண்டு. குறைந்த தொகைக்கு இன்ஷூர் செய்தாய் என்று விகிதாசாரமாக வெட்டும் பழைய வழக்கமும் அதில் இல்லை. உரியதை விட்டுவிட்டு உரிமையில்லாததை இரட்டிப்பாய்க் கேட்பது என்ன புத்தி? ஒரு பொய்க் கணக்கு அகப்பட்டால், மெய்யான நஷ்டத்துக்குரிய ஈடும் போய்விடும்.

நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயரைக் கம்பெனியே நியமித்தாலும் அவர் லைசென்ஸ் பெற்றுத் தொழில் செய்பவர், நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். சுவரில் சேறு விட்டுச் சென்ற கோட்டை அளவுகோலோடு படமெடு; அவர் வந்து பார்க்கும் வரை வெள்ளையடிக்காதே; பழைய ரசீதுகளைத் தேடு; கொத்தனாரிடம் வேலைவாரியாக மதிப்பீடு எழுதி வாங்கு. சர்வேயர் குறைத்தால் காரணத்தை எழுத்தில் கேள். கம்பெனி மறுத்தால் அதனிடமே எழுத்தில் முறையிடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால், ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

வெள்ளத்தில் கெட்டுப்போன மோட்டாரைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதே. கம்பெனி அதன் மதிப்பைக் கழித்துக்கொள்ளும், ஆகையால் கையில் இருக்கட்டும். ஜாபிதாவைத் திருத்தி எனக்கு ஒரு பிரதி அனுப்பு.