மரத்துக்கு முன் வாய்க்கால்: பிச்சாவரத்தை வகுப்பில் நடத்துதல்

எங்கள் ஊரின் பெயரில் குறிஞ்சி இருக்கிறது, மலைதான் இல்லை. குறிஞ்சிப்பாடியில் ஐவகை நிலங்களை நடத்தும்போது மாணவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நெய்தல் நிலமோ பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் காடு பற்றிய பாடம் வந்தால் சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டையே எடுத்துக்கொள்கிறேன். அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் இருவருக்கும் அது உதவும்.

"காடு அழிந்தால் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் "மரம் நடலாம் சார்" என்றுதான் வகுப்பே சொல்லும். பிச்சாவரத்தில் அது மட்டும் பலிக்கவில்லை. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை இக்காடு வனத்துறைக்கு வருவாய் தரும் காடாக இருந்தது. பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, ஒவ்வொரு பகுதியையும் முழுவதுமாக வெட்டினார்கள். மீண்டும் முளைத்துவிடும் என்பது கணக்கு. ஆனால் நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்தது. நிலம் தொட்டி போலக் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. அந்த உப்பில் வெண்கண்டல் கூட முளைக்கவில்லை. காடு அழியக் கிராமத்தாரின் மாடும் விறகு வெட்டும்தான் காரணம் என்ற பேச்சே நெடுநாள் இருந்தது.

இதைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. ஒரு பலகையில் களிமண்ணை இரண்டு அங்குல உயரம் பரப்பி, நடுவில் கிண்ணம் போல அழுத்துங்கள். உப்புநீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். வற்ற வற்ற இரண்டு மூன்று முறை ஊற்றினால் வெள்ளையாக உப்புப் படியும். பிறகு பள்ளத்தின் அடியிலிருந்து பலகையின் ஓரம் வரை சரிவாக ஒரு வாய்க்கால் கீறி மீண்டும் ஊற்றச் சொல்லுங்கள். படிந்த உப்பு கரைந்து வெளியேறும். (உண்மையில் ஓதநீர் அதே வாய்க்காலில் உள்ளே வந்தும் போகும். அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.)

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களுடன் சேர்ந்து செய்தது இதைத்தான். ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், பார்வைக்கு மீன்முள். உப்புக் குறைந்த கரைகளில் கன்று நட்டார்கள், பிடித்துக்கொண்டது. வாய்க்கால் தூர்ந்தால் பழையபடி ஆகும், ஆகவே தூர் வாரும் வேலை ஓயாது.

பொருளியலுக்கு ஒரு கணக்கு. கரும்பலகையில் இரண்டு பத்தி வரைந்து, வெட்டிய மரத்தின் விலை ஒரு பக்கம், நிற்கும் மரம் தருவது மறுபக்கம் என்று எழுதச் சொன்னேன். முதல் பத்தி ஒரே வரியில் முடிந்தது. பரங்கிப்பேட்டையில் உறவினர் உள்ள மாணவி ஒருத்தி இறால், நண்டு, மீன்குஞ்சு என்று அடுக்கினாள். வேறொருவன் 2004 ஆழிப்பேரலையைச் சொன்னான், படகுச் சவாரியும் வந்தது. "இதெல்லாம் அப்போ ஏன் சார் கணக்குல எழுதல?" என்று கேட்டான் ஒருவன். வனத்துறையின் வரவேட்டில் விறகு வரும், இறால் வராது. இறால், அதைக் கையாலேயே தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பத்தின் வரவு. காப்புக்காடு அரசு நிலம்தான், ஆனால் அதில் பிழைப்பவர் யார் என்பதும் சேர்ந்தே நடத்த வேண்டிய பாடம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை இந்த இடத்தில் அறிமுகப்படுத்தலாம்.

பிச்சாவரம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பொது அறிவு வினாவுக்கு அது போதும், எனக்கு அந்தக் கணக்குப் பத்தியே முக்கியம்.

அடுத்து எங்கள் பெருமாள் ஏரி. நீர் எங்கிருந்து வருகிறது, வண்டல் எங்கே தங்குகிறது, கரையோர நிலம் கிராம வரைபடத்தில் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்டு வர வேண்டும். கன்று நடும் நாள் அதன்பிறகு.